கப்பல் உரசி அண்ணனுக்குக் கால் போனது: "முழுத் தீர்வு" என்று நீட்டுகிற பேப்பரில் கையெழுத்துப் போடலாமா?

தூத்தூர்ப் பெண் (கேள்வி)

வணக்கம். இங்கே கப்பலில் வேலை பார்க்கிறவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணனுக்கு 31 வயது. தங்கல் தொழிலுக்கு (பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிப்பது) போகிற விசைப்படகில் பங்குக்காரர், சம்பளம் இல்லை, மீன் விற்ற பணத்தில் பங்குதான். மூன்று வாரத்துக்கு முன்னால், கொச்சிக்கு மேற்கே சுமார் 60 கடல் மைலில், அதிகாலை இரண்டரை மணிக்கு ஒரு சரக்குக் கப்பல் படகின் முன்பக்கத்தை உரசிக்கொண்டு போய்விட்டது. நேராக ஏறியிருந்தால் ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். வீல்ஹவுஸ் சரிந்ததில், வின்ச்சுக்கும் அதற்கும் நடுவில் அண்ணனின் இடது கால் மாட்டிக்கொண்டது. கப்பல் நிற்கவே இல்லை. கொஞ்ச தூரத்தில் தொழில் செய்துகொண்டிருந்த எங்கள் ஊர்ப் படகுதான் வந்து எல்லோரையும் ஏற்றிக் கொச்சிக்குக் கொண்டுபோனது. கரை சேர மறுநாள் மதியம் ஆகிவிட்டது. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இடுப்பு எலும்பிலும் முறிவு.

உதவிக்கு வந்த படகில் ஏஐஎஸ் கருவி (பக்கத்தில் போகிற கப்பல்களின் பெயரையும் இடத்தையும் காட்டுவது) இருந்தது. அதில் தெரிந்த கப்பல் பெயரை அந்தப் படகின் ஸ்ராங்கு (படகை ஓட்டுகிறவர்) போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார். கொச்சியில் கோஸ்டல் போலீசில் புகார் கொடுத்தாயிற்று.

போன வாரம் எங்கள் போட் ஓனர் வீட்டுக்கு வந்தார். கப்பல் கம்பெனியின் இன்சூரன்ஸ் தரப்பிலிருந்து ஒருத்தர் பேசியதாகவும், படகுக்கு ஒரு தொகை, அண்ணனுக்கு மூன்று லட்சம் தருவதாகவும், எல்லோரும் ஒரே பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். பேப்பர் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்குப் புரிந்தவரை, இதற்குப் பிறகு யார் மேலும் எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஓனர் கெட்டவர் இல்லை, அவருக்கும் படகின் மேல் கடன் இருக்கிறது. "நம்ம படகில் லைட் சரியா இல்லை, கோர்ட்டுக்குப் போனா இதுவும் கிடைக்காது" என்கிறார். அம்மா பயப்படுகிறாள். அண்ணிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

கையெழுத்துப் போடலாமா? வெளிநாட்டுக் கம்பெனி மேல் இங்கே கேஸ் போட முடியுமா? லைட் இல்லையென்றால் அண்ணனுக்கு ஒன்றும் கிடைக்காதா?

பழைய ஸ்ராங்கு

மக்ளே, கேட்கவே மனசுக்குக் கஷ்டமாயிருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல இந்தக் கடல்லதான் படகு ஓட்டினேன். சட்டம் பேசுறவங்க நிறைய வருவாங்க. கேஸ் நடக்குற காலத்துல அரிசி வாங்க அவங்க வரமாட்டாங்க. கப்பல் அடிச்சுட்டுப் போன வீடுகளை நான் பார்த்திருக்கேன். பாதிப் பேருக்கு அடிச்ச கப்பல் எதுன்னே தெரியாது. உங்களுக்குப் பேராவது தெரியுது, ஆளும் தேடி வந்து பேசுறான். மூணு லட்சம் கம்மிதான், ஆறுன்னு கேட்டுப் பாருங்க. கொடுத்தா வாங்கிட்டு, பையனுக்கு நல்ல செயற்கைக்கால் வைக்கிற வழியைப் பாருங்க. கோபப்படாதே, அனுபவத்துல சொல்றேன்.

செகண்ட் மேட்

தங்கச்சி, நான் வள்ளவிளைக்காரன். அப்பா தங்கல் படகில் ஸ்ராங்காக இருந்தவர். நான் சரக்குக் கப்பலில் செகண்ட் மேட், அதாவது கேப்டனுக்குக் கீழே ஒரு அதிகாரி. ராத்திரி 12 முதல் 4 வரை பிரிட்ஜில் (கப்பலை ஓட்டுகிற அறையில்) நிற்கிற வாட்ச் எங்களுக்குத்தான். அண்ணன் படகை உரசிய நேரத்தில் அந்தக் கப்பலிலும் என்னைப் போல ஒருத்தன்தான் நின்றிருப்பான். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வரும் என்று ஓரளவு தெரியும். ஸ்ராங்கு ஐயா சொன்னதில் பாதி சரி. மறுபாதிக்கு மறுப்புச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அவசரம். கப்பலில் விடிஆர் என்று ஒரு கருவி உண்டு, விமானத்தின் கறுப்புப் பெட்டி மாதிரி. பிரிட்ஜில் பேசிய பேச்சு, ரேடார் படம், கப்பலின் வேகம், திசை, விஎச்எஃப் ரேடியோவில் பேசியது எல்லாம் அதில் பதிவாகும். ஆனால் பழையதை அழித்து அழித்துத்தான் புதியதை எழுதும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்திய கருவி என்றால் உள்ளே 30 நாள் இருக்க வேண்டும். அதற்கு முந்தையது என்றால் 12 மணி நேரம்தான் கட்டாயம், அது எப்போதோ போயிருக்கும். மோதல் நடந்தால் கேப்டன் பதிவைச் சேமித்து வைக்க வேண்டும். ஆனால் "எங்களுக்கு எதுவும் தெரியவே இல்லை" என்று சொல்லப்போகிற கப்பலில் யார் அதைச் செய்திருப்பார்கள்? மூன்று வாரம் ஓடிவிட்டது என்கிறீர்கள். மிச்சம் ஒரு வாரம் சொச்சம். வக்கீல் கிடைக்கிறவரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: இந்தத் தேதி, இந்த நேரம், இந்த இடத்தில் இந்தக் கப்பல் எங்கள் படகில் மோதியது, விடிஆர் பதிவை அழியாமல் வைக்கக் கோருகிறோம். கப்பல் கம்பெனி, பேச வந்த இன்சூரன்ஸ்காரர், மும்பையில் இருக்கிற கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம், கொச்சி மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட், எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலாகப் போகட்டும். எழுத்தில் கேட்ட பிறகு பதிவு காணாமல் போனால், அவர்கள் கோர்ட்டில் காரணம் சொல்ல வேண்டிவரும். நம் கடற்கரை நெடுக லைட்ஹவுஸ் துறைக்கு ஏஐஎஸ் நிலையங்கள் உண்டு. அவற்றில் அந்தக் கப்பலின் தடம் பதிவாகியிருந்தால் அதையும் கேட்டு வாங்கலாம்.

படகை யாரும் தொட வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லுங்கள். உடைந்த பலகையில் ஒட்டியிருக்கிற கப்பல் பெயிண்ட்டே சாட்சி. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் சர்வேயர் பார்க்க வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும்.

இப்போது லைட் விஷயம். சரியாகப் பதில் சொல்லுங்கள்: அந்த நேரத்தில் தூண்டில் தண்ணீரில் கிடந்ததா? இல்லை, எல்லோரும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்களா? இதில்தான் பாதி வழக்கு இருக்கிறது. கடலில் மோதல் தவிர்க்கும் சர்வதேச விதிகள் 1972-இல் வந்தவை. அவற்றில் 18-ஆம் விதிப்படி, மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு எஞ்சின் கப்பல் வழிவிட வேண்டும். ஆனால் மீன்பிடித்துக்கொண்டிருப்பது என்றால் வலையோ தூண்டிலோ தண்ணீரில் கிடந்து, படகு நினைத்தபடி திரும்ப முடியாத நிலையில் இருக்க வேண்டும். தூண்டிலை ஏற்றிவிட்டு, நங்கூரமும் போடாமல் சும்மா மிதக்கிற படகு விதிப்படி ஓடுகிற படகுதான். அதற்கும் காவல் ஆள் வேண்டும். நம் ஊர் ஆட்களுக்கு இது புரிவதே இல்லை. எஞ்சின் ஓடவில்லை, நான் நிற்கிறேன் என்பார்கள்.

ஆயிரங்கால் தூண்டில் (நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கிகள்) போடுகிற படகு ராத்திரியில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று சுற்றிலும் தெரிகிற இரண்டு விளக்கு காட்ட வேண்டும். நம் படகுகளில் என்ன நடக்கிறது? மீன் வரட்டும், வேலை வெளிச்சம் இருக்கட்டும் என்று பச்சை, நீலம், வெள்ளை என எல்இடி பட்டைகளைக் கட்டி விடுகிறோம். அந்த வெளிச்சத்தில் சிவப்பு விளக்கு முழுங்கிப்போகும். ஜூலை 31-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த மறுநாள் ராத்திரி கேரளக் கரையோரம் கப்பல் ஓட்டிப் பாருங்கள், தொடுவானம் முழுக்கத் திருவிழா வெளிச்சம். எது வலை இழுக்கிறது, எது மிதக்கிறது என்று ஒன்றும் பிரியாது. மரப்படகு அலைக்கு நடுவே ரேடாரில் சரியாக விழாது. பெரிய கப்பலில் பிரிட்ஜ் பின்னால் இருக்கும். முன்மூக்குக்கு நேர் கீழே கண்ணுக்குத் தெரியாத தூரம் 500 மீட்டர் வரை இருக்க விதியே அனுமதிக்கிறது. 14 நாட் (மணிக்கு 14 கடல் மைல்) வேகத்தில் அது ஒரு நிமிடம் சொச்சம்தான்.

இதையெல்லாம் கப்பலுக்கு வக்காலத்து வாங்கச் சொல்லவில்லை. இதுதான் அவர்களின் வாதமாக வரும். இதற்குப் பதிலும் அதே விதிகளில் இருக்கிறது. 5-ஆம் விதிப்படி எந்நேரமும் கண்ணாலும் காதாலும், இருக்கிற எல்லாக் கருவியாலும் கவனிக்க வேண்டும். வெளிச்சம் ஏராளமாகத் தெரிந்தால் கேப்டனை எழுப்பு, வேகத்தைக் குறை, சுற்றிப்போ. எனக்குக் கப்பலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். "விளக்கே தெரியவில்லை" என்று அவர்கள் சொன்னால், அண்ணன் படகில் எல்இடி எரிந்திருந்தால் அதைச் சொல்ல ஆள் இருக்கிறது. மோதிய பிறகு நின்று உதவாமல் போனது தனிக் குற்றம்.

கடைசியாக, ஓனரும் நீங்களும் ஒரே பேப்பரில் கையெழுத்துப் போடக் கூடாது. எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. என்ரிகா லெக்ஸி விவகாரம் ஞாபகம் இருக்கும். 2012-இல் அந்த இத்தாலியக் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் கேரளக் கடலில் இரண்டு மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அது துப்பாக்கிச்சூடு, மோதல் இல்லை. ஆனால் பணம் பிரித்த கதையைப் பாருங்கள். 2021-இல் இத்தாலி கொடுத்த 10 கோடியில் இறந்த இருவரின் குடும்பத்துக்குத் தலா நாலு கோடி, போட் ஓனருக்கு இரண்டு கோடி என்று முடிவானது. அதே படகில் குண்டுக்குத் தப்பிய மற்ற மீனவர்கள், எங்களுக்கும் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்க வேண்டியிருந்தது. படகின் நஷ்டம் ஓனருடையது, கால் அண்ணனுடையது. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டவிடாதீர்கள்.

தூத்தூர்ப் பெண்

அண்ணா, உடனே பதில் எழுதியதற்கு நன்றி. அண்ணனிடம் கேட்டேன். தூண்டில் தண்ணீரில்தான் இருந்தது, ஏற்ற ஆரம்பிக்கப் போகிற நேரம். ஸ்ராங்கு வீல்ஹவுஸில் விழித்திருந்தார். அண்ணனும் இன்னொருத்தரும் வின்ச் பக்கம். மற்றவர்கள் தூக்கம். வெள்ளை விளக்கும் எல்இடியும் எரிந்தன. சிவப்பு விளக்கு அதற்கு முந்தின தங்கலிலேயே பழுதாம், ஓனரிடம் சொல்லியும் மாற்றவில்லையாம். விஎச்எஃப்-இல் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் கூப்பிட்டிருக்கிறார்கள், பதில் இல்லை.

மின்னஞ்சல் எழுதி அனுப்பிவிட்டேன். இன்சூரன்ஸ்காரர் மட்டும் போன் செய்து, "எதுக்கும்மா இதெல்லாம், பேசித் தீர்த்துக்கலாமே" என்றார்.

சிவப்பு விளக்கு இல்லாதது அண்ணனைப் பாதிக்குமா? அதுதான் பயமாக இருக்கிறது.

பாரிமுனை வக்கீல்

உயர் நீதிமன்றத்தில் கப்பல் வழக்குகள் பார்க்கிறேன். இது பொதுவான விளக்கம். கையில் காகிதங்களைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பயத்துக்கு முதலில் பதில். இரண்டு கலங்களின் தப்பால் மோதல் நடந்தால், கலத்துக்கு வந்த சேதத்தை அவரவர் தப்பின் அளவுக்குப் பங்கு பிரிப்பார்கள். கப்பல் மேல் 70, படகு மேல் 30 என்று நீதிமன்றம் சொன்னால் ஓனரின் நஷ்டஈட்டில் 30 குறையும். ஆனால் படகில் இருந்தவரின் உயிருக்கோ உடம்புக்கோ வந்த கேட்டுக்கு இரண்டு கலங்களின் உரிமையாளர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. 1958 வணிகக் கப்பல் சட்டத்தில் இது 346-ஆம் பிரிவு. 2025-இல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. உங்கள் சம்பவத் தேதிக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வக்கீல் பார்ப்பார். அதாவது, அண்ணன் முழுத் தொகையையும் கப்பலிடம் கேட்கலாம். கப்பல்காரர் வேண்டுமானால் பிறகு படகு ஓனரிடம் அவர் பங்கை வசூலிக்கட்டும். விளக்கை மாற்றும் பொறுப்பு வின்ச்சில் நின்றவருக்கு இல்லை. ஓனர் ஏன் எல்லோரையும் ஒரே பேப்பரில் சேர்க்கப் பார்க்கிறார் என்பதும் இப்போது புரியும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அவர் நலமும் உங்கள் நலமும் ஒன்றில்லை. அவருடைய வக்கீலே உங்களுக்கும் வக்கீலாக இருக்கக் கூடாது.

வெளிநாட்டுக் கம்பெனி பற்றிக் கேட்டீர்கள். கம்பெனியைத் தேடி நாம் பனாமாவுக்கோ லைபீரியாவுக்கோ போக வேண்டாம். 2017 கடல்சார் நீதிவரம்புச் சட்டம் (2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது) கப்பலையே பிரதிவாதியாக்க வழி செய்கிறது. உடல்காயம் அதில் கடல்சார் கோரிக்கை மட்டும் இல்லை, கப்பலின் மேல் ஒட்டிக்கொள்கிற உரிமையும்கூட. கப்பலை வேறொருவருக்கு விற்றாலும் அந்த உரிமை கூடவே போகும். ஆனால் ஒரு வருடத்துக்குள் கப்பலைக் கைது (நீதிமன்ற உத்தரவால் நிறுத்தி வைப்பது) செய்யவில்லை என்றால் அது போய்விடும். பேச்சுவார்த்தை என்று இழுத்து இந்த ஒரு வருடத்தைத் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

மோதல் 60 மைலில் நடந்திருந்தாலும், கைது செய்யக் கப்பல் நம் கடல் எல்லைக்குள் வர வேண்டும். கொச்சிக்கோ விழிஞ்ஞத்துக்கோ வந்தால் கேரள உயர் நீதிமன்றம், சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வந்தால் சென்னை உயர் நீதிமன்றம். அந்தக் கப்பல் வராவிட்டால் அதே உரிமையாளரின் வேறு கப்பலையும் பிடிக்கலாம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய பிறகு, கேரள அரசு 9,531 கோடி கேட்டுத் தொடுத்த வழக்கில், ஜூலையில் விழிஞ்ஞத்தில் நின்ற எம்எஸ்சி அகிடெட்டா 2-ஐக் கைது செய்ய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். தூத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த விஷயம்.

கைது என்றதும் கப்பல் வருடக்கணக்கில் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் நின்றாலே அவர்களுக்குப் பெரிய நஷ்டம். பெரும்பாலும் பி அண்ட் ஐ கிளப் என்கிற உரிமையாளர் காப்பீட்டுச் சங்கம் உறுதிக் கடிதம் கொடுக்கும், அல்லது நீதிமன்றத்தில் பணம் கட்டுவார்கள், கப்பல் போய்விடும். வழக்கு அந்தப் பணத்தின் மேல் நடக்கும். அதற்குப் பிறகுதான் சமரசப் பேச்சில் ஒரு நியாயமான தொகை வரும். ஸ்ராங்கு ஐயா சொன்ன மாதிரி வருடக்கணக்காகப் பட்டினி கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்று: கைது தவறு என்று முடிவானால் அதனால் வந்த நஷ்டத்துக்குப் பொறுப்பேற்பதாக மனுதாரரிடம் உறுதிமொழி வாங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால்தான் கப்பலின் பெயர் உறுதியாக வேண்டும். ஏஐஎஸ் படம் எடுத்த போனை அப்படியே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய படம் போதாது.

போலீஸ் வழக்கை நம்பி இதை நிறுத்தி வைக்காதீர்கள். 12 மைலுக்கு வெளியே நடந்த மோதலில் கப்பல் அதிகாரியைத் தண்டிக்கும் அதிகாரம் அந்தக் கொடி நாட்டுக்கும் (கப்பல் பதிவான நாடு) அவருடைய சொந்த நாட்டுக்கும்தான் என்று ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 97-ஆம் பிரிவு சொல்கிறது. நஷ்டஈட்டு வழக்கை அது தடுக்காது.

தொகை பற்றி: 31 வயது, முட்டிக்குக் கீழே கால் இல்லை, இனி ஆழ்கடல் தொழில் முடியாது. இழந்த வருமானம், இத்தனை வருடத்துக்கும் மாற்றி மாற்றிப் போட வேண்டிய செயற்கைக்கால், இடுப்புக்கான சிகிச்சை, வலி வேதனை, இவற்றைக் கூட்டினால் மூன்று லட்சம் கிட்டவே வராது. பங்குத் தொழிலுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது, எனவே ஓனரின் தங்கல் கணக்குப் புத்தகத்தின் நகலை இப்போதே வாங்குங்கள். பிறகு உறவு கெட்டால் கிடைக்காது.

பணக் கஷ்டத்துக்கு: மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் அண்ணன் பெயர் இருந்தால் நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம் வரும், மீன்வளத் துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். அதை வாங்கினால் கப்பல் மேல் இருக்கிற உரிமை போகாது. இன்சூரன்ஸ்காரர் நல்ல மனசோடு இப்போதே ஏதாவது கொடுக்க நினைத்தால், "உரிமைகளுக்குப் பாதகமின்றி இடைக்காலமாகப் பெற்றுக்கொண்டது" என்று எழுதி வாங்கலாம். அந்த வாசகத்துக்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் வந்த காரணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பழைய ஸ்ராங்கு

வக்கீல் சார் சொன்ன அந்தக் கூட்டுப் பொறுப்பு எனக்குத் தெரியாது. படகுல தப்பிருந்தா ஆளுக்கும் ஒண்ணும் கிடைக்காதுன்னுதான் இத்தனை நாளா ஊர்ல பேசிட்டிருக்கோம். இதை யாராவது சங்கத்துல வந்து சொல்லணும். சரி, அப்படின்னா கையெழுத்துப் போடாதே மக்ளே.

ஆனா ஒரு விஷயம் கப்பல்காரத் தம்பிக்கும் தோணலை, வக்கீலுக்கும் தோணலை. உதவிக்கு வந்த படகு எப்ப திரும்பத் தொழிலுக்குப் போகுது? அது போச்சுன்னா ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆளே கிடைக்காது. அதுல வெளியூர்ப் பிள்ளைகளும் வேலை பார்க்குறாங்க, அடுத்த தங்கலுக்கு வேற படகு ஏறிருவாங்க. கரையில இருக்கும்போதே எழுதி வாங்குங்க. ஸ்ராங்கோட ஜிபிஎஸ்ல அந்த ராத்திரி இடம் சேவ் ஆகியிருக்கும், அதை அழிக்க வேண்டாம்னும் சொல்லுங்க.

தூத்தூர்ப் பெண்

ஐயா, அந்தப் படகு தேங்காய்ப்பட்டணத்தில்தான் கிடக்கிறது. ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம், வியாழக்கிழமை கிளம்புகிறது. நாளைக்குக் காலையில் சித்தப்பாவோடு போகிறேன். வக்கீல் சார், என்ன மாதிரி எழுதி வாங்க வேண்டும்? வெள்ளைத் தாளில் போதுமா?

பாரிமுனை வக்கீல்

நோட்டரி முன்னிலையில் பிரமாண வாக்குமூலமாக வாங்குங்கள். தமிழிலேயே இருக்கட்டும். பார்த்ததை மட்டும் அவர் வார்த்தையிலேயே சொல்லட்டும்: நேரம், எந்தப் பக்கமிருந்து கப்பல் வந்தது, படகில் என்னென்ன விளக்கு எரிந்தது, கப்பல் நின்றதா, விஎச்எஃப்-இல் கூப்பிட்டது காதில் விழுந்ததா. சிவப்பு விளக்கு எரியவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள். குறுக்கு விசாரணையில் எப்படியும் வெளியே வரும்.

செகண்ட் மேட்

இன்னொன்று. கப்பலின் ஐஎம்ஓ எண் (ஒவ்வொரு கப்பலுக்கும் உரிய அடையாள எண்) தெரிந்தால் கண்காணிப்பு ஆப்பில் போட்டு வையுங்கள். பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. அடுத்த துறைமுகம் எது, எப்போது வருகிறது என்று அதில் காட்டும். இந்தியத் துறைமுகம் என்று வந்த உடனே வக்கீலுக்கு போன் செய்யுங்கள். இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.